எல்லோரும் வந்தவர்கள் அல்லர்

சனிக்கிழமை ரொறன்ரோவில் நம் தமிழ் நிகழ்ச்சி மண்டபத்தில் நடந்ததை நேரில் பார்த்தவர்களும் பிறகு காணொளியில் பார்த்தவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆகவே முழுவதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. இந்த நிலம் பூர்வகுடி மக்களுடையது என்று கனடாவில் நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் படிக்கும் நில அங்கீகார வாசகத்தைப் படித்த அறிவிப்பாளர், அனிஷினாபே, ஹோடனோஷோனி, வென்டாட் என்ற அந்த மக்களின் பெயர்களில் தடுமாறி, "வாயிலை நுழையாத பேர்கள்" என்று சிரித்தார். சபையும் சிரித்தது. அதோடு முடிந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். தாளை மடித்து வைத்துவிட்டு, "எல்லாரும் வந்தாக்கள்தானே, இது வந்தாக்களின்ரை நாடு" என்று அவர் சேர்த்துக்கொண்டபோது சபை கைதட்டியது. அந்தக் கைதட்டல் நாலு நாளாக என்னை உறங்கவிடவில்லை.

எல்லோரும் வந்தவர்கள் அல்லர். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் ஏறத்தாழ 18 இலட்சம் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் கப்பலிலோ விமானத்திலோ வந்திறங்கியவர்கள் அல்லர். "வந்தவர்களின் நாடு" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்த 18 இலட்சம் பேரையும் கணக்கிலிருந்து அழித்துவிடுகிறோம்.

இந்த நாட்டின் பெயரே அவர்களுடையது. 1535இல் பிரெஞ்சுக் கடலோடி ஜாக் கார்ட்டியேக்கு வழிகாட்டிய இரண்டு இளைஞர்கள், இன்றைய கியூபெக் நகரம் இருக்கும் இடத்திலிருந்த தங்கள் குடியிருப்பைச் சுட்டிச் சொன்ன "கனாட்டா" என்ற சொல்தான் கனடா ஆயிற்று. அதற்குப் பொருள் ஊர். இரண்டு யாழ்ப்பாணத் தமிழர் எங்கே சந்தித்தாலும் முதலில் கேட்பது "எந்த ஊர்?" என்றுதான், அப்படிப்பட்ட நாம், ஊர் என்றே பெயர் கொண்ட நாட்டில் இருந்துகொண்டு, இங்கே முன்பு ஊரே இருக்கவில்லை என்பதைப்போலப் பேசுகிறோம். ரொறன்ரோ என்பதும் மோஹாக் சொல்தான். நீரில் மரங்கள் நிற்கும் இடம் என்பது பொருள். ஒரில்லியாவுக்கு அருகே, சிம்கோ ஏரியும் கூச்சிச்சிங் ஏரியும் சந்திக்கும் ஒடுக்கத்தில் மீன்பிடிப்பதற்காகத் தடிகளை நிரையாக நட்டிருந்தார்கள். அந்தத் தடிகளுள் சில 4,500 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில், தடி நட்டு மீன்பிடிக்கும் களங்கட்டியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை.

மிசிசாகா என்று நகரத்தின் பெயராகச் சொல்லும்போது யாருடைய நாக்கும் தடுமாறுவதில்லை. அதுவே ஒரு மக்கள் கூட்டத்தின் பெயராக வரும்போது மட்டும் வாயில் நுழையாமற் போகிறது. என் மகளின் முதல் வகுப்பில், வரவு கூப்பிட்ட ஆசிரியர் அவளுடைய பெயரின் நடுவில் நின்று சிரித்தார். அன்று வீட்டுக்கு வந்தவள், "அப்பா, எனக்குச் சின்னப் பேர் ஒண்டு வையுங்கோ" என்றாள். இதைப்போன்ற ஒன்று நடக்காத தமிழ் வீடு இங்கே இருக்காது. அந்த வலி தெரிந்தவர்கள் நிறைந்திருந்த மண்டபம் அன்று எப்படிச் சிரித்தது?

"நாங்களா அவர்களின் நிலத்தைப் பறித்தோம், நாங்களே அகதிகள்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். பறித்தவர்கள் நாம் அல்லர். ஆனால் பறித்த காணியில்தான் நாம் வீடு வாங்கியிருக்கிறோம். 1787இல் மிசிசாகா மக்களிடமிருந்து ரொறன்ரோ நகரம் நிற்கும் நிலம் வாங்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. பிற்பாடு எடுத்துப் பார்த்தால் அந்தக் காணி உறுதியில் நிலத்தின் எல்லைகளே எழுதப்பட்டிருக்கவில்லை. தலைவர்களின் அடையாளக் குறிகள் வேறு தாள்களில் போடப்பட்டு அதிலே ஒட்டப்பட்டிருந்தன. அதைச் சரிப்படுத்துவதற்காக 1805இல் மீண்டும் ஓர் உறுதி எழுதினார்கள்: 250,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு விலை 10 ஷில்லிங். இதற்கான நிலக் கோரிக்கை 2010இல்தான் 145 மில்லியன் டொலர் இழப்பீட்டோடு தீர்ந்தது. "எங்கடை வரிக்காசைக் கொடுக்கினம்" என்று குறைப்படுகிறவர்கள், அது இருநூறு ஆண்டு பிந்திக் கொடுத்த கடன் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

வெற்று உறுதி என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வலிகாமம் வடக்கில் எங்கள் காணி 1990இலிருந்து இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. அம்மா எங்களோடு இடம்பெயர்ந்த வீடுகளுக்கெல்லாம் அந்தக் காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி, தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு போனார். மடிப்புகளில் கிழிந்து, நாலு துண்டாகிப் போன அந்தத் தாள் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. "அங்கே யார் இருந்தது, வெறுங்காணிதானே" என்று ஒருவர் அதைப் பற்றிச் சொன்னால் நாம் எப்படிக் கொதித்தெழுவோம்! அதே வசனத்தைத்தான் சனிக்கிழமை நாம் இன்னொருவரைப் பற்றிச் சொன்னோம்.

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் லோரன்ஸ், பெலமி தெருக்கள் சந்திக்கும் இடத்துக்கு அருகே, வீடுகளுக்கு நடுவில் ஒரு புல் மேடு இருக்கிறது. ஆறு ஆண்டுகள் அதைப் பூங்கா என்றே நினைத்துக் கடந்து போனேன். பனிக்காலத்தில் மகளைச் சறுக்கவும் விட்டிருக்கிறேன். ஊரிலிருந்து வந்த அப்பாதான் ஒரு மாலை நடையில் உச்சியிலிருந்த கல்லைக் கண்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்துச் சொன்னேன். அது டேபர் மேடு. 1956இல் மண் அள்ளும் இயந்திரம் வெட்டியபோது, ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஐந்நூறு பேரளவிலான மனிதரின் எலும்புகள் அங்கே வெளிப்பட்டன. வென்டாட் மக்களின் முன்னோர், ஊரை வேறிடத்துக்கு மாற்றும் காலத்தில், இறந்தவர்களின் எலும்புகளையெல்லாம் தோண்டி எடுத்து, சுத்தம் செய்து, ஒரே குழியில் சேர்த்து வைப்பார்கள். கேட்டுக்கொண்டிருந்த அப்பா செருப்பைக் கழற்றினார். "எலும்பைக் கூட்டி எடுத்து ஒண்டா வைச்சிருக்கினம். நாங்களும் காடாத்திலை அதைத்தானே செய்யிறம்" என்றார். அப்பம்மாவின் எலும்புகளைப் பால் தெளித்துப் பொறுக்கி, முட்டியில் எடுத்துக்கொண்டு கீரிமலைக்குப் போனவர் அவர். ஸ்காபரோ என்ற பெயர், 1793இல் இங்கு வந்த ஓர் ஆங்கிலப் பெருமாட்டிக்கு ஏரிக்கரைக் குன்றுகள் யோர்க்‌ஷயரிலுள்ள ஸ்காபரோவை நினைவூட்டியதால் வந்தது. அந்தப் பெயரை நாம் சொந்த ஊரைப்போலச் சொல்கிறோம். அந்த மேட்டில் உறங்குகிறவர்கள் இந்த ஊரை என்னவென்று அழைத்தார்கள் என்று நான் அதுவரை ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

வாசகம் வெறும் சடங்கு என்று சொல்கிறவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. பூர்வகுடி மக்களிலேயே பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒன்ராறியோவின் வடக்கே நெஸ்கன்டாகா என்ற சமூகத்தில், தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்று 1995இல் போட்ட அறிவித்தல் கால் நூற்றாண்டைத் தாண்டியும் நீடித்தது. வாசகம் படித்தால் அங்கே குழாயில் நல்ல தண்ணீர் வந்துவிடாது. ஆனால் சடங்கு போதாது என்பதற்காக அதைக் கேலி செய்கிறவர், போதுமான வேறு எதைச் செய்துவிட்டார்?

நான் குடியுரிமைச் சத்தியம் செய்தபோது அதில் அரசியின் பெயர் இருந்தது, பூர்வகுடி மக்களைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிகளின் கொடுமைகளை விசாரித்த, கனடாவின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் 94 பரிந்துரைகளில் கடைசிப் பரிந்துரையின்படி 2021இல் அந்தச் சத்தியம் மாற்றப்பட்டது. அதற்குப் பிறகு குடியுரிமை பெற்ற ஒவ்வொருவரும், என் தங்கை உட்பட, முதற்குடிகள், இனுயிட், மெட்டி ஆகிய பூர்வகுடி மக்களின் உரிமைகளை ஏற்கும் அரசியலமைப்பைக் கடைப்பிடிப்பதாக வாயால் சொல்லித்தான் கனேடியராகியிருக்கிறார்கள். கைதட்டியவர்களில் அந்தச் சத்தியத்தைச் செய்தவர்களும் இருந்திருப்பார்கள் என்பதை நினைக்கத்தான் எனக்கு மனம் கசக்கிறது.

அறிவிப்பாளர் தம்பியின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. ஏற்பாட்டாளர்களுக்கு நேற்று இரவு ஒரு தாள் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு பெயரையும் எப்படி உச்சரிப்பது என்று தமிழில், அசை பிரித்து எழுதியிருக்கிறேன். தை மாத மரபுத் திங்கள் விழாவில் படிக்க ஆள் இல்லையென்றால் நானே வந்து படிக்கிறேன் என்றும் எழுதினேன். இதை எழுதும் வரைக்கும் பதில் வரவில்லை.