வேகமான காருக்கு டயர் மாற்றும்போது அளவைத் தொடாதீர்கள், ரகத்தை மாற்றுங்கள்

போலோ ஜிடி, விர்டஸ் ஜிடி, ஆக்டேவியா ஆர்எஸ், ஐ20 என் லைன் என்று ஓட்டுவதற்காகவே வாங்கிய வண்டிகள் மதுரையில் இப்போது நிறைய ஓடுகின்றன. டயர் தேய்ந்து கடைக்குப் போனதும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, ஒரு இன்ச் பெருசா அலாய் போட்டு அகலமா டயர் போட்டா நல்லா இருக்குமா?" வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அலாய்க்கு வைத்திருக்கும் பணத்தை ரப்பருக்குக் கொடுங்கள். கம்பெனி கொடுத்த அதே அளவு, அதில் நல்ல ரகம். நம்ம ஊர் ரோட்டுக்கும் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் அதுதான் தாங்கும்.

கணக்கைப் பாருங்கள். விர்டஸுக்கும் ஸ்லாவியாவுக்கும் வருவது 205/55 ஆர்16. 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 55 சதவீதம் சைடுவாலின், அதாவது டயரின் பக்கச் சுவரின் உயரம்: 113 மி.மீ. ஆர்16 என்றால் 16 இன்ச் ரிம். அதையே இரண்டு இன்ச் பெரிதாக்கி 225/40 ஆர்18 போட்டால் சைடுவால் 90 மி.மீ. தான். வெளி விட்டம் 632க்குப் பதில் 637 என்பதால் ஸ்பீடோமீட்டர் பெரிதாகத் தப்பாது, பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் சுற்றிலும் 23 மி.மீ. காற்றும் ரப்பரும் போய், அந்த இடத்தில் அலுமினியம் வந்து உட்கார்ந்துவிட்டது.

முல்லைப் பெரியாறு குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டி மூடிய தெருக்களை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைத் தண்ணீர் நின்றால் பள்ளத்தின் ஆழமே தெரியாது. 50, 60 வேகத்தில் அதன் விளிம்பில் ஏறும்போது, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் சைடுவால் நசுங்கி, உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துபோகின்றன. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாளில் பக்கவாட்டில் கோழிமுட்டை மாதிரிப் புடைத்து நிற்கும். இதை எந்தக் கடையிலும் ஒட்ட முடியாது, ஒட்டித் தருகிறேன் என்பவரை நம்பவும் கூடாது. அந்த இடத்தில் காற்றைத் தாங்குவது வெறும் ரப்பர் மட்டும்தான். "கொஞ்ச நாள் ஓடட்டும்" என்று அதோடு நான்குவழிச் சாலையில் ஏறினால், வெடிப்பது 100 வேகத்தில் வெடிக்கும். டயர் தப்பினாலும் ரிம் லேசாக வளைந்திருந்தால், வாரத்துக்கு 3, 4 பி.எஸ்.ஐ. காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். பஞ்சர் கடையில் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் ஆணி இருக்காது, ரிம் ஓரத்தில் குமிழி வரும்.

அளவு மாற்றுவதில் இன்னொரு தப்பு, ரிம்மை விட்டுவிட்டு டயரை மட்டும் உயரமாக்குவது. அதே 16 ரிம்மில் 215/60 போட்டால் விட்டம் 664 மி.மீ. ஆகிவிடும், 5 சதவீதம் கூடுதல். மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 105 போய்க்கொண்டிருப்பீர்கள். பிக்அப் மந்தமாகும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் சக்கர வளைவின் உள் லைனரில் உரசவும் செய்யலாம்.

சரி, அளவு அதேதான், எதைப் பார்த்து வாங்குவது? அளவுக்குப் பின்னால் 91வி, 94டபிள்யூ என்று இருக்கும். எண் சுமையைச் சொல்கிறது: 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, 94 என்றால் 670. எழுத்து வேகம்: எச் 210, வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கி.மீ. "நம்ம ரோட்டுல யாரு 240 போறா?" என்று கேட்டு எச் ரகத்தைக் கையில் திணிப்பார்கள். வாங்காதீர்கள். அந்த எழுத்து, டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கான அளவும்கூட. சித்திரை, வைகாசியில் மதியம் இரண்டு மணிக்கு, நாலு பேரும் லக்கேஜுமாக திருச்சி ரோட்டில் இரண்டு மணி நேரம் ஓடும் டயருக்கு அந்தத் தாங்குதிறன் தேவைப்படுகிறது. கார் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் உள்ள எண்ணுக்கும் எழுத்துக்கும் கீழே போகக் கூடாது, மேலே போகலாம். எக்ஸ்எல் என்று போட்ட டயர் அதிக சுமை தாங்கும். ஆனால் அந்தச் சுமையைத் தாங்க அதற்குக் காற்றும் கூடுதலாக வேண்டும்.

ஆல் சீசன் டயருக்கு இங்கே வேலை இல்லை. 7 டிகிரிக்குக் கீழே போகும் ஊர்களுக்காகக் கலந்த ரப்பர் அது. மார்கழி விடியலில்கூட மதுரை அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. சம்மர் டயர் என்று சொல்லப்படும் ரகம்தான் நமக்கு வருஷம் முழுக்க.

அதற்குள் எதைத் தேர்ந்தெடுப்பது என்றால், காய்ந்த ரோட்டுப் பிடிமானத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பேன். நல்ல கம்பெனிகளின் இந்த ரக டயர் எல்லாமே காய்ந்த ரோட்டில் நாம் கேட்பதைவிட அதிகம் பிடிக்கும். வித்தியாசம் தெரிவது ஈரத்தில். மாதக்கணக்காகக் காய்ந்த ரோட்டில் சொட்டிய ஆயிலும் புழுதியும் முதல் மழையில் கலந்து வழுக்குகிறதே, அந்த அரை மணி நேரத்தில் நாலு மீட்டர் முன்னால் நிற்கிற டயர்தான் நல்ல டயர். அகலமான டயர் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்பது தப்பான நம்பிக்கை. அகலம் கூடினால் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடுகிறது. நடுவில் உள்ள நீளவாட்டுக் காடிகள் தண்ணீரை வெளியே தள்ள முடியாத வேகத்தில் டயர் மிதக்கும், ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். புதிய டயரில் ட்ரெட் ஆழம், அதாவது ரோட்டைத் தொடும் பகுதியில் உள்ள காடிகளின் ஆழம், 7, 8 மி.மீ. இருக்கும். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். என் கணக்கில் இந்த வண்டிகளுக்கு 3 மி.மீ. வந்ததும் மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

டயரில் ஒட்டி வரும் ஐரோப்பிய தர லேபிள் கிடைத்தால் அதில் ஈரப் பிடிமானம் ஏ என்று உள்ளதை எடுங்கள். 2021 மே முதல் அது ஏ முதல் ஈ வரை ஐந்து படி. டயரிலேயே அச்சிட்டிருக்கும், தேய்மானத்தைச் சொல்லும் ட்ரெட்வேர் எண்ணை ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிடப் பயன்படுத்துங்கள், வேறு வேறு கம்பெனிக்கு அது சரிவராது. பக்கத்தில் உள்ள ஏஏ, ஏ, பி எழுத்து ஈர ரோட்டில் நேராக பிரேக் பிடிப்பதை மட்டும் சொல்கிறது, வளைவைப் பற்றிச் சொல்லாது.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போகிறவர்கள் செமி ஸ்லிக் டயரை ஆசையாகக் கேட்பதுண்டு. டிராக்கில் அருமையான பொருள். ஆனால் மதுரையிலிருந்து 200 கி.மீ.க்கு மேல் அதில் ஓட்டித்தான் போக வேண்டும், வழியில் மழை பிடித்தால் காடி மிகக் குறைவாக உள்ள அந்த டயர் படகாகிவிடும். தனி செட் வைத்து அங்கே போய் மாட்ட முடியாது என்றால் அந்த ஆசையை விடுங்கள்.

மிஷலின் பைலட் ஸ்போர்ட், கான்டினென்டல், குட்இயர் ஈகிள் எஃப்1, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்ஸா, யோகோஹாமா அட்வான் வரிசைகளில் உங்கள் அளவு கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு 18, 19 அங்குல அளவுகளுக்குக் காத்திருக்க வேண்டி வரலாம். 3 மி.மீ. தொட்டதுமே சொல்லி வையுங்கள், மொட்டையான பிறகு ஓடினால் கையில் இருப்பதைத்தான் கட்டிவிடுவார்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள். போர்ஷே வைத்திருப்பவர்கள் அந்தக் கார் கம்பெனி ஒப்புக்கொண்ட டயருக்கான என்0, என்1 போன்ற குறியைப் பார்த்து, நாலிலும் ஒரே குறியாகப் போட வேண்டும். பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரக் குறி, மெர்சிடிஸுக்கு எம்ஓ.

இனி தேதி. பணம் கொடுக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இது பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுதாக இருக்கும், மாட்டிய பிறகு உள்பக்கம் போனால் குனிந்து தேட வேண்டும். தகரக் கூரைக்கடியில் இரண்டு கோடையைப் பார்த்த மென்மையான ரப்பர், விற்காமல் இருந்தாலும் புதிய டயர் கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல் பழையதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்டர் கொடுத்தால், "அண்ணே, அனுப்புறதுக்கு முன்னாடி நாலு டயர் டேட்டையும் போட்டோ எடுத்துப் போடச் சொல்லுங்க" என்று கேட்டுவிடுங்கள். வருஷம் 3,000 கி.மீ. ஓடும் வண்டியில் டயர் தேய்வதற்கு முன் கெட்டிப்பட்டுவிடும். ட்ரெட் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஆறு வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு மட்டும் மாற்றினால் புதியது பின்னால். முன்சக்கர இழுவை வண்டிக்கும் அப்படித்தான். முன்டயர் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். நாலு சக்கர இழுவை என்றால் நாலையும் மாற்றுங்கள், பழைய டயருக்கும் புதியதற்கும் உள்ள விட்ட வித்தியாசம், சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலைத் தின்றுவிடும்.

மாட்டும் இடத்தில் நின்று பாருங்கள். 'அவுட்சைடு' என்று எழுதியிருப்பது வெளியே வர வேண்டும், அம்புக்குறி இருந்தால் சுழலும் திசைக்கு. வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். போல்ட்டை ஏர் கன்னால் கடைசிவரை இறுக்க விடக் கூடாது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவுக்கு 120 நியூட்டன் மீட்டர், இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சில். அலைன்மென்ட் பிரிண்ட் வாங்கிக்கொள்ளுங்கள். டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், தப்பாக இருந்தால் உள்ஓரம் மட்டும் சில ஆயிரம் கி.மீ.யில் கம்பி தெரியத் தேய்ந்துவிடும், வெளியே நின்று பார்ப்பவருக்கு டயர் புதிதாகவே தெரியும்.

காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் 4 பி.எஸ்.ஐ. வரை கூடுதலாகக் காட்டும், அதை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். கொடைக்கானல் போனதும் குளிருக்குக் காற்று குறையுமே என்று பதற வேண்டாம். 25 டிகிரி இறங்கினால் 4 பி.எஸ்.ஐ. குறையும், 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் 3 பி.எஸ்.ஐ. கூடும். கிட்டத்தட்ட சரிக்குச் சரி.

பஞ்சர் ஆனால் நடு ட்ரெட்டில் 6 மி.மீ.க்குள் உள்ள ஓட்டையை மட்டும், டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் பேட்ச் போட்டு அடையுங்கள். வெளியிலிருந்து செருகும் குச்சி வீடு வந்து சேர மட்டும். சைடுவாலில் ஆணி ஏறியிருந்தால் அந்த டயர் முடிந்தது.

புது ரப்பரின் மேல் அச்சிலிருந்து கழற்ற உதவும் வழவழப்பான பூச்சு இருக்கும். அது தேய 200, 300 கி.மீ. ஆகும். டயர் மாட்டிய அன்று சாயங்காலமே வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஏறி அதன் பிடியைச் சோதிக்க வேண்டாம். முதல் 100 கி.மீ. முடிந்ததும் கடைக்குத் திரும்பிப் போய் போல்ட்டை மறுபடி டார்க் ரெஞ்சில் பார்த்துவிடுங்கள்.