ஃபர்ஸ்ட் காபிக்கு எதற்கு ஒரிஜினல் கண்ணாடி?

ஃபர்ஸ்ட் காபி என்று விற்கும் டூப்ளிகேட் வாட்ச் கட்டுகிறவர்களைத் திட்டுவதற்காக இந்தப் பதிவு இல்லை. கல்யாண வீட்டில் பந்தாவுக்கு ஒரு ரோலக்ஸ் காபியைக் கட்டிக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர் பாடு. நான் சொல்ல வருவது வேறொரு கூட்டத்தைப் பற்றி. காபியை வாங்கி, அதோடு திருப்தி அடையாமல், கண்ணாடி, பெசல் (கண்ணாடியைச் சுற்றிய வளையம்), முள், டயல் என்று ஒவ்வொன்றாக மாற்றி, "பார்த்தா ஒரிஜினல்காரனே கண்டுபிடிக்க முடியாது" என்று சொல்லும் அளவுக்குக் கொண்டுபோகிறவர்கள். நானும் வாட்ச்சைக் கழற்றி மாட்டுகிற பைத்தியம்தான் என்பதால் இவர்களில் சிலரோடு எனக்கு நல்ல பழக்கம் உண்டு. கைவேலை சுத்தமாக இருக்கும். அதனால்தான் வருத்தமும் கூடுதலாக இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக, வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

எடுத்துக்கொள்ளுங்கள், ரோலக்ஸ் சப்மரீனர் 16610. 40 மி.மீ. கேஸ் (வெளிக்கூடு), உள்ளே 1988-இல் வந்த 3135 மெஷின். உலகத்தில் அதிகம் காபி அடிக்கப்பட்ட வாட்ச்களில் ஒன்று. நல்ல தரமான காபி என்று சொல்லப்படுபவற்றின் கேஸை ஒரிஜினலின் அளவுக்கே வெட்டுகிறார்கள். ஏன் என்றால், ஒரிஜினல் பாகங்கள் அதில் உட்கார வேண்டும். முதலில் மாறுவது கண்ணாடி. தேதிக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன லென்ஸ் ஒரிஜினலில் இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும். காபியில் பெரும்பாலும் அதைவிடக் குறைவுதான். பார்த்தவுடன் காட்டிக்கொடுப்பது அதுதான், அதனால் அதை முதலில் மாற்றுவார்கள். அடுத்து பெசல் வளையம். அப்புறம் சாவியும் அது திருகி உட்காரும் குழாயும். இதுவரை கேஸுக்கு வெளியே நடக்கிற வேலை, பெரிய சிக்கல் இல்லை.

டயலுக்கு வந்தால்தான் தலைவலி. எந்த டயலைத் திருப்பிப் பார்த்தாலும் அடியில் இரண்டு மெல்லிய கால்கள் இருக்கும். அவை மெஷினில் உள்ள துளைகளில் இறங்கி நிற்கும். ரோலக்ஸ் டயலின் கால்கள் ரோலக்ஸ் மெஷினுக்குத்தான் பொருந்தும். காபிக்குள் இருப்பதோ பல சமயம் ஈடிஏ 2824 என்ற வேறொரு சுவிஸ் மெஷின் அல்லது அதன் சீன நகல். கால் இருக்கும் இடமே வேறு. என்ன செய்வார்கள்? கால்களை வெட்டிவிட்டு, இரட்டைப் பக்க ஒட்டுவில்லை வைத்து ஒட்டிவிடுவார்கள். ஒரு ஒரிஜினல் டயல், அதுவும் சும்மா கிடைக்காத விலைக்கு வாங்கியது, கால் இழந்து நொண்டியாகி ஒரு காபிக்குள் போய் உட்காருகிறது. இனி அது எந்த உண்மையான ரோலக்ஸுக்கும் ஒழுங்காகப் பொருந்தாது. முட்களும் அப்படித்தான், துளை அளவு ஒத்துவராது. உள்ளே சின்னக் குழல் செருகித்தான் மாட்ட வேண்டும்.

தேதி வளையத்தில் இன்னொரு கூத்து உண்டு. எண்களின் வடிவமும் இடமும் ஒரிஜினல் போல இருக்க வேண்டும் என்பதற்காக, மெஷினின் தேதி வளையத்துக்கு மேலே அச்சடித்த இன்னொரு மெல்லிய வளையத்தை ஒட்டுகிறார்கள். என் மேஜைக்கு வந்த ஒன்றில் அந்த ஒட்டு வளையம் ஒரு ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. லூப் என்ற பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் டயலின் அடிப்பக்கத்தில் பிறை வடிவில் ஒரு தேய்மானக் கோடு தெரிந்தது. மாதத்தின் கடைசி நாட்கள் வந்தால் தேதி பாதி வழியில் நின்றுவிடும். அந்த உரசலை இழுக்க முடியாமல் வாட்ச் மெதுவாகவும் ஓடும். கொண்டுவந்த தம்பிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. "அண்ணா, 6 மணிக்குக் கீழே கண்ணாடியில் குட்டிக் கிரீடம் பொறிச்சிருக்கு பாத்தீங்களா?" என்றான். பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. வாட்ச்தான் ஒழுங்காக ஓடவில்லை.

சரி, அவன் காசு, அவன் ஆசை, உனக்கென்ன என்று கேட்பீர்கள். இப்படி நன்றாக மாற்றப்பட்ட ஒரு காபி அவன் கையோடு நின்றால் எனக்கு ஒன்றுமில்லை. நிற்காது. இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற எல்லோரும் இரண்டு வருடத்தில் வாட்ச்சை விற்பவர்கள், நான் உள்பட. முதல் ஆள் வாங்குகிறவரிடம் நேர்மையாகச் சொல்வான், "கேஸ் காபி, டயல் மட்டும் ஒரிஜினல்" என்று. இரண்டாவது ஆள் பாதி சொல்வான். மூன்றாவது ஆளுக்கே அது தெரிந்திருக்காது. அவன் மனப்பூர்வமாக ஒரிஜினல் என்று நம்பி ஒருவரின் சேமிப்பைக் கறந்துவிடுவான். பழைய வாட்ச் வாங்குகிற சாதாரண ஆள் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்? லென்ஸ், டயல் அச்சு, முள், சாவியின் முனை. நம் ஆள் காசு செலவழித்துச் சரியாக இந்த நான்கையும்தான் ஒரிஜினலாக்கி வைத்திருக்கிறார். பின் மூடியைத் திறந்து மெஷினைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இப்போது 3135-ஐப் பார்த்தே செய்த நகல் மெஷின்களும் வந்துவிட்டன, அதனால் மூடியைத் திறந்தாலும் பழகிய கண் வேண்டும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் 1999-ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டம் 103, 104-ஆவது பிரிவுகளின்படி போலிக் குறி இடுவதற்கும், அப்படிப்பட்ட பொருளை விற்பதற்கும் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். வாட்ஸ்அப்பில் "7ஏ குவாலிட்டி, மாஸ்டர் காபி" என்று கடை விரித்திருக்கும் தம்பிகள் யாருக்கும் இது தெரிந்த மாதிரி இல்லை.

"அப்படியென்றால் கம்பெனி செய்யாத வெளிப் பாகம் போடுவதே தப்பா?" என்றால், இல்லை. இதில்தான் பலர் குழம்புகிறார்கள். சமீப வருடங்களில் வெளிநாட்டு நீதிமன்றங்களில் நடந்த மூன்று வழக்குகளைப் பாருங்கள், கோடு எங்கே விழுகிறது என்று தெரியும்.

ஜெனிவாவில் ஆர்ட்டிசான்ஸ் டி ஜெனீவ் என்றொரு நிறுவனம். உங்கள் ரோலக்ஸைக் கொடுத்தால் டயலைக் குடைந்து, பெசலை மாற்றி, வேறு வாட்ச்சாக்கித் தருவார்கள். ரோலக்ஸ் வழக்குப் போட்டது. 2024 ஜனவரியில் சுவிஸ் உச்ச நீதிமன்றம், சொந்தக்காரர் கேட்டுக்கொண்டு, அவருடைய வாட்ச்சை, அவர் சொந்த உபயோகத்துக்காக மாற்றித் தருவது வர்த்தகக் குறி மீறல் ஆகாது என்றது. அப்படி மாற்றியதைச் சந்தையில் விற்பனைக்கு வைப்பது வேறு கதை. அதே மாதம் அமெரிக்காவில், பழைய ரோலக்ஸ்களில் வெளி பெசலும் வைரம் பதித்த டயலும் போட்டு ரோலக்ஸ் என்றே விற்ற பெக்கர்டைம் என்ற டெக்சாஸ் நிறுவனத்துக்கு எதிராக மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. கொலராடோவில் வோர்ட்டிக் என்ற சின்ன நிறுவனம், நூறு வருடப் பழைய ஹாமில்டன் பாக்கெட் வாட்ச்களின் மெஷினை எடுத்து, தாங்களே செய்த கேஸில் வைத்துக் கைக்கடிகாரமாக்கியது. டயலில் ஹாமில்டன் என்ற பழைய பெயர் அப்படியே இருக்கும். ஹாமில்டன் வழக்குப் போட்டது, தோற்றது. 2021-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. வோர்ட்டிக் எதையும் மறைக்கவில்லை. எது பழசு, எது நாங்கள் செய்தது என்று விளம்பரத்திலும் வாட்ச்சின் மேலேயும் எழுதி வைத்திருந்தார்கள். வாங்குகிறவர் குழம்ப வாய்ப்பில்லை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பழைய மெஷின், புதுக் கேஸ், வெளிப் பாகங்கள் எல்லாம் இருந்தும் பிரச்சினை இல்லை.

இதையெல்லாம் ஏதோ பணக்கார நாட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்து எச்எம்டியிலேயே இந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கிறது. 1961-இல் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் ஆரம்பித்த கைக்கடிகாரத் தொழில். 2016-இல் மத்திய அரசு மூடச் சம்மதித்ததும் ஜனதா, பைலட் என்று எல்லா மாடல்களுக்கும் திடீரென்று மவுசு கூடியது. கறுப்பு டயல் பைலட் கேட்டு ஆட்கள் அலைய, புதிதாக அச்சடித்த டயலோடு பைலட்கள் குவிந்தன. உள்ளே இருப்பது ஏதோ ஒரு எச்எம்டி மெஷின், கேஸ் வேறு மாடலுடையது, டயல் நேற்று அச்சடித்தது. லூப் வைத்தால் எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும், கோடுகள் தடிமனாக இருக்கும். பழைய சுவிஸ் வாட்ச்களுக்கும் இதே கதி. கம்பெனி கனவிலும் போடாத கிளிப்பச்சை, ஆரஞ்சு டயல்களோடு இங்கிருந்து போனவற்றைப் பார்த்து வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் "மும்பை ஸ்பெஷல்" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

உங்கள் அப்பாவின் ஜனதாவில் டயல் கறுத்துப்போய், கடைக்காரர் புது டயல் போட்டுக் கொடுத்தால் தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள். அது உங்கள் வீட்டு வாட்ச். அதையே "பிரிக்காத பழைய ஸ்டாக்" என்று போட்டு விற்பவரோடுதான் எனக்குச் சண்டை.

கைகள் அரிக்கின்றன, கழற்றி மாட்டியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு சீக்கோ இருக்கிறது. 1996-இல் வந்து 2019 வாக்கில் நின்றுபோன எஸ்கேஎக்ஸ்007-தான் இந்த விளையாட்டின் தாய்வீடு. 200 மீட்டர் தாங்கும் டைவர் வாட்ச். உள்ளே இருந்த 7எஸ்26 மெஷின் கை அசைவில்தான் ஓடும், அதற்குச் சாவி கொடுக்கவும் முடியாது, வினாடி முள்ளை நிறுத்தவும் முடியாது. அதைச் சுற்றித்தான் வெளிப் பாகச் சந்தையே வளர்ந்தது. இன்று எல்லோரும் எடுப்பது சீக்கோவின் என்எச்35 மெஷின். சாவி கொடுக்கலாம், நிறுத்தலாம், 41 மணி நேரம் ஓடும். நாளுக்கு 20 வினாடி குறைவு முதல் 40 வினாடி கூடுதல் வரை என்று கம்பெனி சொன்னாலும், கொஞ்சம் சரிக்கட்டினால் இதைவிட நன்றாகவே ஓடும். கெட்டுப்போனால் ரிப்பேர் செய்வதைவிடப் புது மெஷின் போட்டுவிடலாம், அவ்வளவு மலிவு.

28.5 மி.மீ. டயல், மணி முள்ளுக்கு 1.5, நிமிட முள்ளுக்கு 0.9, வினாடி முள்ளுக்கு 0.2 மி.மீ. துளை. இந்த நான்கு எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முள் வைப்பதுதான் இதில் ருசியான கட்டம். சாவியை இழுத்து மெதுவாகத் திருப்பி, தேதி மாறும் இடத்தில் நிறுத்தி, மணி முள்ளையும் நிமிட முள்ளையும் 12-க்கு நேராக அழுத்த வேண்டும். பிறகு ஒரு சுற்றுச் சுற்றி, மூன்று, ஆறு, ஒன்பதில் மணி முள் கோட்டின் மேல் நிற்கும்போது நிமிட முள் சரியாக 12-இல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்து மூன்று முள்ளும் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கின்றனவா என்றும். வினாடி முள்ளின் குழாயை அந்தத் தலைமுடி போன்ற தண்டின்மேல் குறிபார்த்து இறக்கும்போது மூச்சை விடக் கூடாது, ஃபேனையும் போடக் கூடாது. எல்லாம் முடித்து மூடியை இறுக்கிய பிறகு கண்ணாடிக்கு அடியில் ஒரே ஒரு தூசி தெரியும். அது எல்லோருக்கும் தெரியும், எப்போதும் தெரியும்.

அப்புறம், காபி அப்கிரேட்காரர்கள் மயிரிழைக்குச் சண்டை போடுவார்கள் அல்லவா, கோடு நேராக இல்லை என்று? ஒரிஜினல் சீக்கோவிலேயே டயலைச் சுற்றியுள்ள உள்வளையம் பெசலோடு ஒத்துப்போகாமல் கோணலாக வருவது பிரசித்தம். சீக்கோக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கட்டிக்கொள்வார்கள்.

ஆனால் இப்படிப் பாகம் மாற்றும் சீக்கோ மாடிங் எல்லாம் புனிதம் என்றும் நான் சொல்லவில்லை. என்எச்35 ஒன்றைத் தவிர வேறு எதிலும் சீக்கோவின் கை படாத வாட்ச்கள், டயலில் சீக்கோ என்று அச்சடித்து, படேக் பிலிப்பின் நாட்டிலஸ் என்ற விலையுயர்ந்த வாட்ச்சின் வடிவக் கேஸில் அமோகமாக விற்கின்றன. "சீக்கோ மாட்" என்று பெயர் வேறு. கேஸ் சீக்கோ செய்யவில்லை, டயல் சீக்கோ செய்யவில்லை, பெயர் மட்டும் சீக்கோ. ஃபர்ஸ்ட் காபிக்கும் இதற்கும் விலையில்தான் வித்தியாசம். மாடிங் குழுக்களில் இதைச் சொன்னால் அடிக்க வருகிறார்கள். பெயரே இல்லாத வெறும் டயல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, நான் அவற்றைத்தான் போடுகிறேன். பார்க்கிறவர் "இது என்ன கம்பெனி?" என்று கேட்பார். "நானே மாட்டியது" என்று சொல்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

கடைசியாக, இதைப் படித்துவிட்டு "ஏற்கெனவே ஒரு காபி வாங்கி வைத்திருக்கிறேன், என்ன செய்ய?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: விற்காதீர்கள், மேற்கொண்டு காசும் போடாதீர்கள். ஒரு மூடி திறப்பான், இரண்டு மூன்று நல்ல ஸ்க்ரூடிரைவர், ஒரு முள் எடுப்பான், லூப் இவை வாங்கிக்கொண்டு அதைக் கழற்றுங்கள். முதல் முறை முள்ளை வளைப்பீர்கள், டயலில் கீறல் போடுவீர்கள், சாவித் தண்டைக் குட்டையாக வெட்டிவிடுவீர்கள். அதையெல்லாம் இதில் செய்து முடித்துவிட்டு அப்பாவின் எச்எம்டி பக்கம் போங்கள்.