முதல் நாலு நாள்

குடியை நிறுத்தப் போகிறேன் என்று ஒருத்தன் வாயைத் திறந்தால் நம்மூரில் உடனே கிடைப்பது, "மனசு வெச்சா முடியும்லே." நானும் மனசு வைத்தேன். கோயிலில் நேர்ந்துகொண்டு, அறையை வெளியே பூட்டச் சொல்லி மச்சானிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி, சுவரில் இல்லாத எறும்புகளை விளக்குமாற்றால் அடித்துக்கொண்டிருந்தேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. அம்மை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு எனக்கு. விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்க வேண்டும். டாஸ்மாக் திறப்பதோ மதியம் 12 மணிக்கு. ஆகவே முந்தின நாளே ஒரு குவார்ட்டரை வாங்கி, சிரட்டை அடுக்குக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். அது உள்ளே போகாமல் கத்தி நிற்காது. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், கொஞ்சம் ஆழமாகப் போனாலும் பட்டைக்கு உள்ளே இருக்கிற தடியில் பட்டு மரம் காயப்படும். சரக்குதான் என் கையை நிதானப்படுத்துகிறது என்று ரொம்ப வருஷம் நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் திட்டவில்லை. தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது என்று மட்டும் கேட்டார். அப்புறம் அவர் சொன்னது எனக்கு விளங்கின மட்டில் இதுதான்: மது மூளையை மந்தமாக்கும். தினமும் குடிக்கிறவனின் மூளை அதற்கு ஈடுகொடுக்க எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும். சரக்கைத் திடீரென்று நிறுத்தினால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 2 நாளில் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் பிதற்றல் வரலாம், அதில் உயிர் போனவர்களும் உண்டு. எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் யாருக்கு ஆகும் என்று மச்சான் கையில் இருக்கிற சாவிக்குத் தெரியாதே! எனக்கு நடுக்கத்துக்கு மாத்திரை தந்து, நாளாக ஆகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். தயமின் என்கிற பி1 ஊசியும் போட்டார்கள்.

அதனால் சொல்கிறேன், வருஷக்கணக்காகத் தினமும் குடிக்கிற ஆளை வீட்டில் பூட்டிப் போடாதீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வலிப்போ பிதற்றலோ வந்துவிட்டால் யோசிக்காமல் 108. யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லையா, 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணுக்கு அடியுங்கள், காசு கிடையாது. ஆளுக்குத் தெரியாமல் குழம்பில் பொடி கலக்கிற வேலை வேண்டவே வேண்டாம். குடியை நிறுத்தக் கொடுக்கிற டைசல்ஃபிரம் மாதிரி மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் அவன் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

நாலு நாள் போனபிறகு வருவது வேறு பாடு. சாயங்காலம் 6 மணிக்குக் கால் தானாகச் சந்திப்புப் பக்கம் திரும்பும். "ஒரு கட்டிங் மட்டும் மக்கா" என்பவன் கெட்டவன் இல்லை, என்னோடு படித்தவன். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியாமல், அந்த நேரத்தில் கட்டன் சாயாவும் மட்டிப்பழமுமாக வீட்டு நடையிலேயே உட்கார்ந்துவிடுவேன். இனிப்பு மேல் அப்படி ஒரு வெறி. வயிறு நிறைந்திருந்தால் ஆசை பாதி அடங்குகிறது, என் அனுபவத்தில். தூக்கம்தான் பல வாரம் வரவில்லை. சரி, பால்வெட்டுக்காரனுக்கு அது பெரிய நஷ்டமில்லை.

ஒரு மாசம் கழித்துத் தோட்டத்துக்குப் போனேன். முதல் நாள் பத்து மரம்தான் வெட்டினேன், ஆனால் ஒன்றிலும் தடியில் படவில்லை. பழைய காயங்கள் பட்டை மூடி முண்டு முண்டாக நிற்கின்றன. வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்த முதலாளி மகன் அதைத் தடவிப் பார்த்து, "யாரு அண்ணே இப்படி வெட்டுனது?" என்று கேட்டான்.

"முன்னால நின்ன ஆளு தம்பி. சரியில்ல."