தொகுதியை மட்டுமல்ல, பகுதியையும் பாருங்கள்

அயர்லாந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 2015ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 26 சதவீதம் உயர்ந்ததாக அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் மறு ஆண்டு அறிவித்தபோது, பொருளியலாளர்கள் பலர் அதை நம்ப மறுத்தனர். அங்கே ஆலைகள் திடீரெனப் பெருகிவிடவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துரிமைகளை அந்நாட்டுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டதே முக்கியக் காரணம். அதே ஆண்டில் அங்கு பசுங்குடில் வாயு உமிழ்வு குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. ஆனால் உமிழ்வை உற்பத்தி மதிப்பால் வகுத்தால், அயர்லாந்தின் பொருளாதாரம் அந்த ஓராண்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தூய்மையாகிவிட்டதாக விடை வரும்.

நாடுகளின் சுற்றுச்சூழல் திறனை ஒப்பிடும் பட்டியல்களைக் காணும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். ஒரு டாலர் உற்பத்திக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்பதே இவ்வகை ஒப்பீடுகள் பலவற்றின் அடிப்படை. பின்னத்தின் தொகுதியாகிய உமிழ்வைப் பற்றி ஓயாமல் விவாதிக்கிறோம்; பகுதியாக நிற்கும் பணமதிப்பையோ சோதிக்காமலே ஏற்றுக்கொள்கிறோம். அந்த மதிப்பைச் சந்தை நாணய மாற்று விகிதத்தில் கணக்கிடுவதா, அந்தந்த நாட்டு விலைவாசிக்கேற்பச் சரிசெய்யும் வாங்கும் திறன் சமநிலையில் கணக்கிடுவதா என்ற ஒரு தேர்வே தரவரிசையைப் புரட்டிப்போட வல்லது. இரண்டாவது முறையில் இந்தியாவின் உற்பத்தி மூன்று மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரிவதால், அதன் உமிழ்வுச் செறிவு, அதாவது ஒரு டாலர் உற்பத்திக்கான உமிழ்வு, மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது; விலைவாசி மிகுந்த சுவிட்சர்லாந்துக்கோ திறன் குறைந்தது போன்ற தோற்றம் ஏற்படுகிறது. வளிமண்டலத்தில் கலந்த வாயு இரு கணக்கிலும் ஒன்றேதான்.

தொகுதியிலும் சிக்கல் உண்டு. உமிழ்வு எந்த நாட்டின் எல்லைக்குள் நிகழ்கிறதோ அந்த நாட்டின் கணக்கில்தான் அது பொதுவாக எழுதப்படுகிறது. பிரிட்டனின் உள்நாட்டு உமிழ்வு 1990க்குப் பின் ஏறத்தாழப் பாதியாகியிருக்கிறது. நிலக்கரி மின்சாரத்தைக் கைவிட்டதில் அந்நாட்டின் உண்மையான உழைப்பு இருக்கிறது, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அம்மக்கள் நுகரும் இறக்குமதிப் பொருள்களைத் தயாரிக்கையில் வேறு நாடுகளில் எழுந்த புகையையும் சேர்த்துப் பார்த்தால், இறக்கம் அவ்வளவு பெரிதாக இல்லை. பன்னாட்டு விமானங்களும் கப்பல்களும் எரிக்கும் எரிபொருளோ எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராமல் தனியே குறிக்கப்படுகிறது.

ஆய்வாளர்கள் இதைவிட நுட்பமான ஒரு முறையையும் கையாள்கிறார்கள். 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகிய மூவர் முன்வைத்த தரவு உறைப் பகுப்பாய்வு என்ற அந்த முறை உழைப்பு, மூலதனம், ஆற்றல் ஆகியவற்றை உள்ளீடாகக் கொள்ளும். இன்று அதனோடு மாசையும் வேண்டாத விளைபொருளாகச் சேர்த்து, மிகச் சிறப்பாகச் செயல்படும் நாடுகளிலிருந்து மற்றவை எவ்வளவு விலகி நிற்கின்றன என்று அளந்து மதிப்பெண் தருகிறார்கள். முறை நேர்த்தியானதுதான். ஆனால் முழு மதிப்பெண் என்பதற்கு, ஒப்பிட்ட கூட்டத்தில் அதைவிட நன்றாகச் செய்தவர் இல்லை என்பதற்கு மேல் பொருள் இல்லை. அந்தக் கூட்டம் முழுவதுமே பூமி தாங்கும் அளவைத் தாண்டியிருந்தாலும் யாரோ ஒருவருக்கு முழு மதிப்பெண் கிடைத்தே தீரும்.

செறிவு என்ற அளவையே வீணானது என்று நான் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டு அளவிலிருந்து 2030க்குள் செறிவை 45 சதவீதம் குறைப்பதாக இந்தியா உறுதியளித்திருக்கிறது. ஒருவருக்குக் கிடைக்கும் ஆற்றலே குறைவாக உள்ள நாட்டுக்கு அத்தகைய இலக்கில் நியாயம் உண்டு என்பது என் கருத்து. 2002இல் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அமெரிக்காவுக்கு அறிவித்த இலக்கும், பத்தாண்டுகளில் 18 சதவீதம் என்று, செறிவைத்தான் சொன்னது. பொருளாதாரம் அதைவிட வேகமாக வளர்ந்தால் மொத்த உமிழ்வு உயர்ந்தபடியே அந்த இலக்கை எட்டிவிடலாம் என்பதால், ஒரு செல்வந்த நாட்டுக்கு அது பொருந்தாது என்றே அன்றும் இன்றும் கருதுகிறேன்.

ஆகவே இத்தகைய பட்டியல்களை வெளியிடுவோரிடமும் பகிர்வோரிடமும் ஒன்று வேண்டுகிறேன். தர எண்ணுக்குப் பக்கத்திலேயே அந்நாட்டின் மொத்த உமிழ்வையும், நுகர்வின் அடிப்படையிலான தலா உமிழ்வையும், பணமதிப்பு எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதையும் எழுதுங்கள்.