'நல்' (null) சோதனையை நுழைவிலேயே முடியுங்கள்

ஜாவா நிரல்களில் 'நல்' மதிப்பை, அதாவது மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் null-ஐ, சோதிக்கும் முறை குறித்து எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சக நிரலாளர்கள் சரிபார்க்கும் கோடு ரிவ்யூவுக்கு (code review) வரும் நிரல்களில் நல் சோதனைக்குப் பஞ்சமே இருப்பதில்லை. கண்ட இடத்திலெல்லாம் இருக்கிறது. தரவு உள்ளே நுழையும் இடத்தில்தான் இல்லை. ஒவ்வொரு மெத்தடின் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) தொடக்கத்திலும் 'நல் இல்லையென்றால் இதைச் செய்' என்று ஓர் இஃப் (if) நிபந்தனை இருக்கும். நல்லாக இருந்தால் என்ன செய்வது என்று சொல்லும் எல்ஸ் இருக்காது.

சம்பளத்தை வங்கிக்கு அனுப்பும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். ஊழியரின் கணக்கு எண் நல் இல்லையென்றால் பணத்தை அனுப்பு என்று எழுதியாயிற்று. ஒருவருடைய கணக்கு எண் நல்லாக வந்தால், அந்த இஃப் அவரைச் சத்தமில்லாமல் தாண்டிச் செல்கிறது. நிரலின் பதிவேடான லாகில் ஒரு வரி கூட விழுவதில்லை. இரவு ஓடிய வேலை வெற்றிகரமாக முடிந்தது என்றே திரையில் காட்டுகிறது. மறுநாள் அந்த ஊழியர் தொலைபேசியில் கேட்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. நிரல் அந்த இடத்தில், நல் மதிப்பைப் பயன்படுத்த முயன்றால் எழும் பிழையான நல் பாயிண்டர் எக்செப்ஷனை எறிந்து நின்றிருந்தால் இரவே யாராவது பார்த்திருப்பார்கள். ஆகவே, நின்றுபோகும் நிரலைவிட இப்படி விழுங்கிக்கொண்டு ஓடும் நிரலே ஆபத்தானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எக்செப்ஷன் வரட்டும் என்று விட்டுவிடுவதும் போதாது. 2020இல் வந்த ஜாவா 14 முதல், எந்த மதிப்பு நல்லாக இருந்ததால் எந்த மெத்தடை அழைக்க முடியவில்லை என்பதைப் பிழைச் செய்தியே சொல்லும் வசதி இருக்கிறது. ஜாவா 15இல் அது இயல்பாகவே இயங்குகிறது. மிகவும் பயனுள்ள வசதிதான். ஆனாலும் அது காட்டுவது வெடித்த இடத்தை. ஓர் ஆப்ஜெக்டை (தரவைத் தாங்கும் நிரல் பொருள்) உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கி வைத்த நல், அரை மணி நேரம் கழித்து இணையாக ஓடும் வேறொரு த்ரெட்டில் வெடித்தால், அது எந்த வழியாக உள்ளே வந்தது என்பதை நாம்தான் தேட வேண்டும். கன்ஸ்ட்ரக்டரிலேயே 'ஆப்ஜெக்ட்ஸ்.ரெக்வயர்நான்நல்' (நல் வந்தால் அங்கேயே எக்செப்ஷன் எறியும் மெத்தட்) என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தத் தேடலே இல்லை. ஜாவா 7 முதல் இருக்கும் இந்த வசதியை இன்றும் பலர் பயன்படுத்தாமல் இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

வெளியிலிருந்து வரும் தரவில் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். இணையக் கோரிக்கைகளைக் கையாளும் சர்வ்லெட்டின் 'கெட்பாராமீட்டர்' மூலம் ஒரு படிவத்தின் மதிப்பைக் கேட்கும்போது, அந்தப் புலமே அனுப்பப்படவில்லை என்றால் நல் கிடைக்கும். பெட்டி காலியாக விடப்பட்டிருந்தால் வெற்றுச் சரம் கிடைக்கும். பயனர் ஸ்பேஸ் பாரை மட்டும் தட்டியிருந்தால் இடைவெளி அடங்கிய சரம் கிடைக்கும். புலத்தின் மீது எழுதும் விதிக்குறிப்புகளான அனோட்டேஷன்களில் 'நாட்நல்' முதலாவதை மட்டுமே தடுக்கும், 'நாட்எம்ப்டி' முதல் இரண்டையும் தடுக்கும், 'நாட்பிளாங்க்' மூன்றையும் தடுக்கும். பலர் அறியாத இன்னொன்று: 'இமெயில்', 'சைஸ்' போன்றவை நல் மதிப்பைச் சரியானதாகவே ஏற்றுக்கொள்கின்றன. புலத்தின் மீது 'இமெயில்' மட்டும் போட்டுவிட்டு மின்னஞ்சல் கட்டாயம் வரும் என்று நம்பினால், நல் தாராளமாக உள்ளே வந்துவிடும். ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பில் கோரிக்கையை வாங்கும் கன்ட்ரோலரில் வரும் ஆப்ஜெக்டின் முன் 'வேலிட்' போட மறந்தாலோ, அந்த ஆப்ஜெக்டின் புலங்களில் எழுதியவை எல்லாம் வெறும் அலங்காரமாகவே நிற்கும்.

தொகையை, நல்லை ஏற்காத முழு எண் வகையான 'இன்ட்' என்று அறிவிப்பதும் இதே வகைப் பிழை. ஜேசனில் (JSON: தரவைப் பரிமாறும் உரை வடிவம்) அந்தப் புலம் இல்லாமலே வந்தால் மதிப்பு 0 ஆகிவிடும். தொகை தரப்படவில்லை என்பதும் தொகை 0 ரூபாய் என்பதும் ஒன்றாகிவிட்ட பிறகு, எந்தச் சோதனையாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. நல்லையும் ஏற்கும் 'இன்டீஜர்' என்று அறிவித்து 'நாட்நல்' போடுவதே சரி.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தமிழர்களாகிய நமக்கு அது நன்றாகவே தெரியும். குடும்பப் பெயர் என்ற புலத்தைக் கட்டாயமாக்கும் படிவங்களில், முன்னெழுத்தும் ஒரு பெயரும் மட்டுமே உடைய நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? சிலர் அப்பாவின் பெயரை எழுதுகிறார்கள், சிலர் தம் பெயரையே இருமுறை எழுதுகிறார்கள், வேறு சிலர் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்கிறார்கள். தரவுத்தளத்தில் நல் இல்லை, உண்மைதான். அதற்குப் பதிலாகப் பொய் இருக்கிறது. பிறகு அந்தப் பெயர் பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை என்று அலைக்கழிக்கப்படுவது அந்த மனிதர்தான். எந்தப் புலம் கட்டாயம், எது இல்லாமலும் இருக்கலாம் என்பதை அந்தத் துறையை அறிந்தவர்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். நிரலாளர் தன் வசதிக்காக எல்லாப் புலத்திலும் 'நாட்பிளாங்க்' ஒட்டக் கூடாது.

நுழைவில் இவ்வளவு கவனம் எடுத்துவிட்டால் உள்ளே வேலை சுலபம். சரிபார்த்த தரவை, பிறகு மாற்ற முடியாத புலங்கள் கொண்ட ஒரு ரெக்கார்டாக மாற்றி, அதன் கன்ஸ்ட்ரக்டரில் கட்டாயப் புலங்களை உறுதிசெய்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் மெத்தடுகளில் நல் சோதனைக்கு வேலையே இல்லை; இருக்கும் இஃப்களைத் தயங்காமல் நீக்கலாம். பட்டியலைத் தரும் மெத்தட் நல் தராமல் வெற்றுப் பட்டியலைத் தரட்டும். கிடைக்காமல் போகக்கூடிய ஒற்றை மதிப்புக்கு 2014இல் ஜாவா 8 தந்த 'ஆப்ஷனல்' இருக்கிறது. அது மெத்தட் திருப்பித் தரும் மதிப்புக்காக உருவானது. அதை மெத்தடுக்குள் வரும் அளவுருவாக வாங்கினால் அந்த ஆப்ஷனலே நல்லாக வரக்கூடும்.

எது நல்லாக இருக்கலாம், எது கூடாது என்று குறிக்கும், 2024இல் 1.0 பதிப்பாக வெளிவந்த ஜேஸ்பெசிஃபை (JSpecify) அனோட்டேஷன்களை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அவை நாம் எழுதும் நிரலை அது ஓடுவதற்கு முன் ஆராயும் கருவிகளுக்கு உதவுபவை. நெட்வொர்க் வழியே வரும் ஜேசனை அவை தடுத்து நிறுத்தாது. ஆகவே ஒவ்வொரு கட்டாயப் புலத்துக்கும் நான் கேட்கும் டெஸ்டுகள் நான்கு: புலமே இல்லாத ஜேசன், நல் என்று வெளிப்படையாக எழுதிய ஜேசன், வெற்றுச் சரம், இடைவெளி மட்டும் உள்ள சரம். நான்கிலும் 400 (அனுப்பிய கோரிக்கையில் பிழை) என்ற பதிலும் எந்தப் புலத்தில் பிழை என்ற விவரமும் திரும்ப வர வேண்டும். 500 (சர்வரிலேயே பிழை) வந்தால், அந்த மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட்டுக்கு நான் ஒப்புதல் தருவதில்லை.