மியாட்டாவின் பிடி குறைவதற்கு சேஸி காரணம் இல்லை
"பத்து வருஷம் ஓடினால் மஸ்டா மியாட்டா என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரின் சேஸி (அடிப்படைக் கட்டமைப்பு) தளர்ந்துவிடும், அதனால்தான் வளைவில் பழைய பிடி இல்லை" என்று சொல்வது தவறு. துருவும் விபத்தும் இல்லாத காரில் முதலில் மாறுவது ரப்பர்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2316 என்றால் 2016-இன் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் (சாலையைத் தொடும் பள்ளமுள்ள ரப்பர்) நிறைய மீதி இருந்தாலும் இத்தனை வருஷத்தில் ரப்பர் இறுகியிருக்கும், ஈரச் சாலையில் பின்பக்கம் சட்டென்று வழுக்கும். அப்புறம் சஸ்பென்ஷன் புஷ், அதாவது சக்கரத்தைத் தாங்கும் கைகளின் இணைப்பில் இருக்கும் ரப்பர். அது வெடித்திருந்தால், கார் நின்றபடி சக்கரக் கோணத்தை அளக்கும் அலைன்மென்ட் மெஷினில் எல்லாம் சரியாகக் காட்டினாலும், பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் கோணம் மாறும். ஷாக் அப்சார்பர் மெல்ல மெல்லத் தேய்வதால் தினமும் ஓட்டுபவருக்கே தெரியாது. சேஸி போய்விட்டது என்று நல்ல காரைத் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள், முதலில் டயரை மாற்றிப் பாருங்கள்.