ஓய்வறையில் என்ன கதைக்கிறோம்?

இடைவேளை மணி அடித்ததும் ஆசிரியர் ஓய்வறைக்குப் பிளேன்டீ வரும். கூடவே ஒரு பேச்சும் வரும். "பத்து பி கடைசி வரிசைக்கு எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது." "அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுறவர், அம்மா கொழுந்துக்குப் போறவ. வீட்டில யார் பார்ப்பா?" எல்லாரும் தலையாட்டுவோம். நானும்தான்.

பதினான்கு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். மூன்று பாடசாலைகள், எல்லாம் நுவரெலியா மாவட்டம். நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன்தான். ஓய்வறையில் கதைப்பவர்களில் பாதிப் பேரும் அப்படித்தான். 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கும் வரை, பல தோட்டங்களில் ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. "தோட்டத்துப் பிள்ளைக்கு இது போதும்" என்று அப்போது வெளியாட்கள் நினைத்ததாக எங்கள் அப்பாமார் குறைப்பட்டார்கள். பிறகு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது, எங்கள் பிள்ளைகளே ஆசிரியர்களானார்கள். அந்த வசனம் மட்டும் போகவில்லை, இப்போது எங்கள் வாயிலிருந்து வருகிறது.

முதல் பாடசாலையில் பின்னேர வகுப்பு வைத்தேன். ஒரு மூத்த சேர் தோளில் தட்டி, "வந்த புதுசில நாங்களும் இப்படித்தான் தம்பி, ஆறு மாசம் போகட்டும்" என்றார். ஆறு மாதம்கூட எடுக்கவில்லை. நானும் ஒன்றரை மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது நாலு மணிக்கு, அதனால் ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். 6,000 ரூபாய் கொடுப்பனவோடு ஆசிரியர் உதவியாளர்களாக அனுப்பப்பட்ட பிள்ளைகள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் எல்லாவற்றையும் சம்பளத்தின் தலையில் போடவும் முடியாது. நன்றாகப் படிப்பிப்பவரைச் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பதினோராம் தரத்துக்குப் போட்டுவிட்டு, ஆறு, ஏழுக்கு யார் சும்மா இருக்கிறாரோ அவரை அனுப்புகிறோமே, அதற்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்? பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்ற கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கைக்குப் பிறகு பிரம்பு ஓரளவு குறைந்தது. நாக்கு குறையவில்லை. "இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு முறை கேட்டால் போதும், சாதாரண தரம் முடியும் வரை அந்தப் பிள்ளை கை தூக்காது.

மூன்றாவது பாடசாலையில் பகுதித் தலைவராக ஒரு டீச்சர் இருந்தார். வியாழக்கிழமைகளில் கணிதம் எடுக்கும் நான்கு பேரையும் தவணைத் தாள்களோடு உட்கார வைப்பார். புள்ளியைப் பற்றிப் பேசக்கூடாது, பிழையை மட்டும் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருந்தது. மூன்றாவது வாரம்தான் விளங்கியது, என் பதினோராம் தரப் பிள்ளைகள் தடுக்கி விழுந்தது சமன்பாட்டில் இல்லை. மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் இரண்டு என்று எழுதியிருந்தார்கள், மறை அடையாளம் இல்லாமல். திசைகொண்ட எண்கள், அதாவது நேர், மறை எண்கள், கீழ் வகுப்பு வேலை. அதைப் படிப்பித்தவர் இரண்டு வருடமாக என் பக்கத்துக் கதிரையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்! அவரிடம் நான் கேட்டதே இல்லை, அவரும் சொன்னதில்லை. நாங்கள் கதைத்ததெல்லாம் பிள்ளையின் வீட்டைப் பற்றி.

அதற்குப் பிறகு அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் தரத்தில் முதல் இரண்டு வாரத்தை மறை எண்களுக்கே கொடுத்தேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. ஒரு பெட்டை மட்டும் மெதுவாக, "சேர், இதை யாரும் இப்படிச் சொல்லித் தரல" என்றாள். கடைசி வரிசையில் கை தூக்கத் தொடங்கினார்கள். ஓய்வறையில் "ஏறாது" என்ற சொல் கொஞ்சம் குறைந்தது.

போன ஜனவரியில் அந்த டீச்சர் இடமாற்றமாகிப் போய்விட்டார். வியாழக்கிழமை உட்காருவது அதற்குப் பிறகும் இரண்டு வாரம் நடந்தது. மூன்றாவது வாரம் பாதியில் பஸ் சத்தம் கேட்டது. நான்கு பேரில் மூன்று பேர் எழுந்தோம்.